பதினோரு சிலைகளின் காது

"இது யாரோட காதும்மா?"

அந்த அம்மாள் கேட்டபோது சிலைப் பட்டறையில் அவள் ஒரு இறாலுக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஆளுயர இறால். கடற்கரை ஓட்டல் ஒன்றுக்கு. பக்கத்தில் மாதா கோயிலுக்கான, இறக்கை காயாத இரண்டு சம்மனசுகள். மூலையில் இன்னும் கை வைக்காத ஒரு தலைவர். நடுவில், ஈரத்துணியை விலக்கிய பலகைமேல், இறந்துபோன தலைமையாசிரியரின் களிமண் முகம்.

கேட்டது அவர் மனைவி. சிலையைப் பார்த்துச் சரி சொல்ல வந்திருந்தார்.

அவர் சரி சொன்னால் பிளாஸ்டர் ஊற்றுவார்கள். அச்சு எடுத்தபின் களிமண் முகம் மிஞ்சாது. பிறகு எதையும் திருத்த முடியாது.

"மூக்கு அவர்தான். நெத்தி அவர்தான். காது வேற யாரோ."

அவள் மீசையைக் கீழே வைத்தாள்.

ஐந்து வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

காதுக்கென்று தனியாக அச்சு வைத்திருந்தாள். வேலை நெருக்கும் நாட்களில் அதில் களிமண்ணை அழுத்தி எடுத்துத் தலையில் ஒட்டிவிடுவாள். பஸ் நிலையத்துத் தலைவருக்கு அந்தக் காது. கோயில் வாசல் அந்தோணியாருக்கும் அதே காது.

அப்பாவின் காது.

பட்டறையில் சேர்ந்த முதல் வாரம் எடுத்த அச்சு அது. ஞாயிற்றுக்கிழமை. அப்பா பனியனோடு ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பல் டாக்டர்கள் அளவெடுக்கும் பசையைக் காதில் பூசினாள். ஜில்லென்று இருக்கிறது என்று தோளைத் தோளைத் தூக்கினார். சிரிக்காதே அப்பா, கெட்டுவிடும் என்று அவள் சொல்லச் சொல்லச் சிரித்தார்.

சிரித்ததில் காதின் மேல் விளிம்பில் ஒரு சின்ன மடிப்பு விழுந்துவிட்டது.

அடுத்த ஆடியில் அப்பா இல்லை.

மடிப்பு இருந்தது. பதினோரு சிலைகளில்.

டவுன் பஸ்ஸில் போகும்போது அவள் ஜன்னலோரம்தான் உட்காருவாள், சிலைகள் தெரியும் பக்கமாக.

"காதையெல்லாம் யாரு பாக்கப் போறா பெரியம்மா?" என்றார் பட்டறை முதலாளி லூர்து அண்ணன். "மாலையைப் போட்டா மறைஞ்சிடும். நாளைக்கு இறால் வேற லாரி ஏறணும்."

"நாப்பத்தோரு வருஷம் பக்கத்துல படுத்தவ நான். நான் பாப்பேன்ல?"

அண்ணன் இறால் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொண்டுவந்த போட்டோக்கள் எதிலும் காது தெளிவாக இல்லை.

"எப்படி இருக்கும், சொல்லுங்கம்மா" என்றாள்.

அவர் சொல்லப் பார்த்தார். காற்றில் ஒரு காதைப் பிடித்துக் காட்டினார்.

அவள் களிமண் அறுக்கும் கம்பியை எடுத்தாள். ஒரே இழுப்பு. இடது காது அவள் கையில் விழுந்தது.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள்.

பிறகு கட்டைவிரலால் நசுக்கினாள். மடிப்பு போயிற்று. உருட்டி, தண்ணீர் தொட்டு, அந்த உருண்டையை அம்மாளின் கையில் வைத்தாள்.

"நீங்களே செய்யுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் முதலில் தயங்கின. அப்புறம் தயங்கவில்லை.

பெரிய காது. கோணல். மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. சிலையில் வைத்ததும் தலைமையாசிரியர் யாரோ கூப்பிட்டதுபோல் லேசாகத் திரும்பியிருந்தார்.

அவள் ஓரத்தை மட்டும் பூசி இணைத்தாள். வேறெதையும் தொடவில்லை. இதைப் பார்த்து வலது காதையும் செய்துவிடலாம்.

அந்த அம்மாள் காதுக்குப் பின்னால் ஒரு விரல் வைத்தார். அங்கே முடி ஒதுக்குவதுபோல ஒரு முறை தடவினார்.

"சரியா பெரியம்மா? ஊத்திடலாமா?" அண்ணன் இறாலுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

அந்த அம்மாள் தலையாட்டினார். வாசலில் குழாய் இருந்தது. அவர் கை கழுவவில்லை.

களிமண் விரல்களை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.