வசனம் சொல்லாத குரல்

வேதாகமத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தாள் லுவெல்லா. முப்பது வயதில், அப்பா பக்கத்தில் இல்லாமல் ஓர் அந்நிய ஆணோடு அவள் பேசுவது இதுவே முதல் தடவை.

அப்பா போதகர் எசேக்கியா பிரூயிட், வாசல் பலகையில் போர்வைக்கடியில் பிணமாகக் கிடந்தார். விறகெடுக்கப் போன இடத்தில் கிலுகிலுப்பைப் பாம்பு கடித்து, கதவு வரை தவழ்ந்து வந்திருக்கிறார். அடுத்த பருத்திப் பண்ணையிலிருந்து சோள ரொட்டி கொண்டுவந்த யூலாதான் பார்த்துவிட்டு ஷெரீப்புக்கு ஆள் அனுப்பினாள்.

"கதவத் தட்டினாராம்மா?" என்றார் ஷெரீப் டால்பர்ட்.

"தட்டினாருங்க. மத்தியானம் பூரா."

"கூப்பிட்டாரா?"

"கத்தினாருங்க."

"பின்ன ஏன் தாழ்ப்பாளத் தெறக்கல?"

"வசனம் சொல்லலீங்க."

ஷெரீப் புரியாமல் யூலாவைப் பார்த்தார்.

"அது அந்த மனுஷன் போட்ட சட்டம்ங்க. வெளிய போயிட்டு வந்து வேதத்துலேருந்து சங்கீத வசனம் ஒண்ணு சொல்வாரு, அதுக்கப்புறந்தான் இவ தெறக்கணும். பிசாசு என் குரல்லயே வந்து கூப்பிடும்னு சின்னதுலேருந்தே சொல்லி வச்சிருக்காரு. ஒரு தடவ வசனத்துக்கு முந்தியே தெறந்துட்டான்னு, கறி புகைபோடுற கொட்டாயில இவளத் தள்ளிப் பூட்டினாரு. கண்ணால பார்த்தேன். போதகர் வீட்டு விஷயம்னு நானும் வாயப் பொத்திக்கிட்டேன்."

ஷெரீப் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போர்வையை விலக்கிப் பார்த்தார். செத்தவரின் நாக்கு வீங்கிப் பிதுங்கியிருந்தது. அந்த வாயில் எந்த வசனம் வந்திருக்கும்?

ஞாயிறுதோறும் ஆராதனையில் இறுக்கிப் பின்னித் துணியால் மூடிய நிலையிலேயே ஷெரீப் பார்த்திருந்த கூந்தல், இன்று குளித்த ஈரத்தோடு லுவெல்லாவின் தோளில் விரிந்து கிடந்தது. பாவம், அதிர்ச்சியில் பின்னக்கூட மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

"பாம்புக்கடிதான். இதுல விசாரிக்க ஒண்ணுமில்ல."

உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் போனதும், யூலா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மனச விட்டுடாத புள்ள. உன் மேல ஒரு தப்பும் இல்ல. பிசாசுன்னு நெனச்சுத்தானே தெறக்காம இருந்தே?"

லுவெல்லா வேதாகமத்தைக் கீழே வைத்தாள். நடுக்கம் நின்றிருந்தது.

"இல்ல, மிஸ் யூலா. பிசாசுன்னு நெனச்சிருந்தா தெறந்திருப்பேன்."