ஒரு சொட்டும் சிந்தாமல்

“அத்தா, ஒரு சொட்டு சிந்தினாலும் முதல்லேர்ந்து எடுக்கணும்” என்றாள், மையால் மீசை வரைந்திருந்த என் மகள் இனாயா.

கல்லூரிக்குப் போகும் பெண். அண்ணனின் கைலியைக் கட்டிக்கொண்டு திருடனாக நின்றாள்.

நாங்கள் எடுத்த படத்தின் கதை இவ்வளவுதான். விளிம்புவரை நிரம்பிய டீ கிளாஸோடு நான் அடுப்பங்கரையிலிருந்து வாசல்வரை நடக்க வேண்டும். திருடன் என் பின்னாலேயே வந்து வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்குவான். நான் டீயைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

மீரானைத் தவிர யார் கண்ணிலும் இந்தப் படம் படக் கூடாது என்று சொல்லித்தான் சம்மதித்தேன்.

மீரான் என் மகன். சவூதியில், தம்மாமில் வேலை. என் கை நடுங்குகிறது, கடையில் தராசு பிடிக்க முடியவில்லை என்று எங்கள் ஊர் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து போன யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டு அடுத்த மாதமே வருகிறேன் என்றான்.

என் கைக்காக என் மகன் வேலையை விடுவதா? அவனுக்கு நான் யாரென்று காட்ட வேண்டியிருந்தது.

கேமரா அவன் அனுப்பியது. நடந்துகொண்டே எடுத்தால் படம் ஆடுகிறது என்று இனாயா ஒரு பிளாஸ்டிக் குழாயில் பேரிங் வைத்து, அடியில் எங்கள் கடையின் ஒரு கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டிருந்தாள். பிடிக்கும் கை எப்படி ஆடினாலும் உச்சியில் இருப்பது அசையாது. அண்ணனிடமும் போனில் பெருமையடித்திருந்தாள்.

மருமகள் ஜைனம்பு அதில் கேமராவை மாட்டி, பின்பக்கமாக நடந்தபடி எடுத்தாள். டிவியில் போட்டுப் பார்த்தோம்.

படம் துளியும் ஆடவில்லை. அதனால் என் கை ஆடியது நன்றாகவே தெரிந்தது.

மூன்று முறை எடுத்தோம். மூன்று முறையும் என் வேட்டி நனைந்தது.

“போதும் மாமா, உக்காருங்க. அவங்க வந்தா வந்துட்டுதான் போகட்டுமே” என்றாள் ஜைனம்பு.

“திருடனுக்கே இடுப்பு விட்டுப்போச்சு” என்று இனாயா தரையில் சாய்ந்தாள்.

நான் உட்காரவில்லை. இனாயாவைக் கூப்பிட்டுக் காதில் ஒன்று சொன்னேன். அவள் மீசையோடு சிரித்தாள்.

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையின்மேல் போர்த்திக்கொண்டேன்.

நாலாவது முறை இருபத்திரண்டு எட்டு நடந்தேன். நிலைப்படியைத் தாண்டினேன். திருடன் சுவர்க் கடிகாரத்தைக்கூட விடவில்லை. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

தம்மாமுக்குத் திரும்பிய ஒருவரிடம் கேசட்டைக் கொடுத்தனுப்பினோம். பதினைந்தாம் நாள் மீரான் பேசினான். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

“கிளாஸு அப்படியே கல்லாட்டம் நிக்குதே அத்தா! நான் காண்ட்ராக்டை முடிச்சுட்டே வரேன். படந்தான் ஒரே ஆட்டம். தங்கச்சி செஞ்ச குழாயை மாட்டலையா?”

எங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்வதில்லை.

“மாட்டித்தான் எடுத்தோம்” என்றேன்.

அதில் எதை மாட்டினோம் என்று அவன் கேட்கவில்லை.

அலமாரியின்மேல் நின்ற குழாயின் உச்சியில், டீ கிளாஸ் இன்னும் கட்டியபடியே இருந்தது.