மின்மினிச் சலுகை

வீட்டில் தீப்பந்தத்தை ஒழித்துவிட்டு மின்மினி விளக்கு வைப்போருக்கு நெல்வரியில் பாதி தள்ளுபடி என்று சிங்கராஜா அறிவித்தார். பரம்பரையாகவே கூட்டுக்குள் களிமண்ணில் மின்மினியை ஒட்டிவைத்து வாழும் தூக்கணாங்குருவி, குஞ்சுகளுக்கு நாலு நெல்மணி மிஞ்சுமே என்று வரி அதிகாரி நரியாரிடம் பறந்தது.

"இதுவரை பந்தம் வைத்திருந்தாயா?"

"ஒருநாளும் இல்லை, ஐயா."

"பிறகு எதை ஒழித்தாய்? சலுகை திருந்தியவர்களுக்கு, அம்மணி. ஒழுங்காக இருந்தவர்களுக்கு அல்ல. போய் ஒருநாளாவது பந்தம் கொளுத்திவிட்டு வா."

குருவி கொளுத்தியது. காய்ந்த புல்லால் பின்னிய கூடு; பறக்கப் பழகியிருந்ததால் குஞ்சுகள் தாயோடு தப்பின.

மறுநாள் நரியார் நேரில் வந்து, கருகிய கிளையைப் பார்த்து மனதாரப் பாராட்டினார்.

"இப்போது உனக்கு முழுத் தகுதி வந்துவிட்டது, அம்மணி. மின்மினியை எந்த வீட்டில் வைக்கப்போகிறாய்? அதை மட்டும் காட்டு."