கழுவிய போன்

கடையின் வெள்ளை வெளிச்சத்தில் செத்த போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டுக் கொத்தனார் மூச்சிரைக்க நிற்கிறார். வேலை முடிந்து சாந்துக் கரண்டியைக் கழுவிய வாளியிலேயே போனையும் முக்கிக் கழுவியிருக்கிறார். தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று இதே கடைக்காரன்தான் விற்றான். மேஸ்திரி இதில்தான் கூப்பிடுவார். எடுக்காதவனுக்கு நாளைக்கு வேலையில்லை. “தண்ணி உள்ள போயிருக்குண்ணே, வாரண்டி கிடையாது.” “சுவத்துல அந்தப் பொண்ணு போனோட நீச்சலடிக்குதே, அது என்னடா?” கடைக்காரன் சிரிக்கிறான். “அது விளம்பரம்ண்ணே. அதையெல்லாமா நம்புவாங்க?” வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். கொத்தனாருக்குக் காதுமடல் சூடேறுகிறது. சிமெண்ட் அரித்த உள்ளங்கையைக் கண்ணாடிமேல் ஊன்றிக் குனிகிறார். “நான் கட்டின வீடு உன் புள்ளைகுட்டி தலையில விழட்டும். ‘என்னை நம்பியா குடி வந்தீங்க?’ன்னு நானும் சிரிச்சுக்கிட்டே கேக்கட்டுமாடா?”