துணைக்கு வந்தவன்

மனச்சிதைவு உள்ளவர்களின் இரத்தத்தில், உடம்பைத் துருவேறாமல் காக்கும் சத்து குறைகிறதா என்று ஆஸ்பத்திரியில் ஆராய்ந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத உடன்பிறப்பின் இரத்தமும் வேண்டுமாம். தம்பி அருமைநாயகத்தோடு நானும் போனேன்.

"இதுல பேஷண்ட் யாரு?" என்று நர்ஸ் கேட்டாள்.

தலைவாரி, தேய்த்த சட்டை போட்டிருந்த தம்பி, "அக்காதான் சிஸ்டர். நான் துணைக்கு வந்தேன்" என்றான். நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள், நம்பிவிட்டாள். நோய் வந்த இருபத்திரண்டு வருடத்தில் அவன் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் கையை நீட்டினேன். என் இரத்தம் இருந்த குழாயில் நோயாளி என்ற சீட்டை ஒட்டினாள். அவனுடையதில் உடன்பிறப்பு.

அடுத்த மாதம், தம்பிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் சீட்டில் இருந்தபடியே முடிவைச் சொன்னார். தம்பிக்கு எல்லாம் சரியாக இருந்தது. சத்து மிகவும் குறைவு எனக்குத்தானாம்.

வரும் வழியில் தம்பி அரைக்கிலோ நெல்லிக்காய் வாங்கினான். தினமும் காலையில் ஒன்றை என் கையில் வைத்து, விழுங்கும்வரை எதிரே நிற்பான். "வாயைத் திற. நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கியா?" மாத்திரை நேரத்தில் நான் அவனிடம் கேட்பது அது.

"நீயும் ஒண்ணு தின்னுடா."

"எனக்கெதுக்கு? என்னோடது சுத்த ரத்தம்."

குறைவு அவனுடைய இரத்தத்தில்தான் என்று சொல்லாமல் நெல்லிக்காயை விழுங்கினேன். மழைக்காலம் முடியுமுன், ஒரு மதியம் தூங்கப் போனவன் எழுந்திருக்கவில்லை.

தகவல் சொல்லப் போனபோது டாக்டர் பழைய தாளைப் புரட்டினார். "இவரோட ரிப்போர்ட் நல்லாத்தானேம்மா இருந்துச்சு."

"ஆமா சார்" என்றேன்.