யன்னல் பார்க்க வந்தவள்

"கோட்டைக்குப் போவமா அக்கா, இல்லாட்டி கோயிலுக்கா?" என்று கேட்டான் ஓட்டோக்கார அர்ஷாக்.

"முதல்ல துறைமுகக் கரையில இருக்கிற பழைய கல்லூரிக்கு விடுங்கோ தம்பி" என்றாள் தயாளினி. வவுனியாவிலிருந்து காலை பஸ்ஸில் திருகோணமலைக்கு வந்திருந்தாள்.

"மகனைச் சேர்க்கப் போறீங்களோ?"

"இல்லை. ஒரு யன்னல் பார்க்க வேணும்."

"கோட்டைக்குள்ள மான் நிக்கும், மலையில இருந்து கடல் தெரியும். நீங்க யன்னல் பார்க்கவோ வந்தனீங்க!"

சனிக்கிழமை என்பதால் கல்லூரியில் யாருமில்லை. வாசலில் காவலுக்கு நின்ற வாச்சரிடம் கெஞ்சி மேல்மாடிக்குப் போய், எட்டாம் வகுப்பின் கடைசி மேசையில் உட்கார்ந்தாள். யன்னலுக்கு வெளியே வெறும் நீலம்.

அரை மணி நேரம் போனது. கூடவே ஏறி வந்திருந்த அர்ஷாக் கேட்டான்: "போவமா அக்கா?"

"கொஞ்சம் பொறுங்கோ."

அப்போது யன்னல் ஓரத்தில் ஒரு சிவப்பு இரும்புச் சுவர் நுழைந்தது. மெல்ல மெல்லக் கடலை மறைத்தது, வானத்தை மறைத்தது. யன்னல் முழுதும் கப்பல். வகுப்பறை இருண்டது. மேல்தளத்தில் நின்ற மாலுமி ஒருவன் அவளைப் பார்த்துக் கையசைத்தான்.

"இதைப் பார்க்கவோ வந்தனீங்க? கரையோடயே கடல் ஆழம் அக்கா, அதுதான் கப்பல் இவ்வளவு கிட்ட வருது. எங்களுக்கு இது தினமும்தானே!"

தயாளினி கைப்பையிலிருந்து ஒரு கட்டுரையை எடுத்தாள். கட்டுரைப் போட்டிக்கு இந்த எட்டாம் வகுப்பிலிருந்து நாற்பத்தேழாம் இலக்கப் பிள்ளை எழுதியது. 'எங்கள் கடைசி மேசை யன்னலில் கப்பல் வந்து எட்டிப் பார்க்கும்' என்ற வரிக்குப் பக்கத்தில், நடுவரான அவளே சிவப்பு மையால் 'பொய்' என்று எழுதியிருந்தாள். திங்கட்கிழமை போட்டி முடிவு அறிவிக்க வேண்டும்.

'பொய்' என்பதை வெட்டினாள். கீழே எழுதினாள்:

'மாலுமி கையசைப்பதை ஏன் எழுதவில்லை?'