ஆள் இல்லாவிட்டால் அணையும் விளக்கு

“அந்தப் பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வை. சென்சாரை மறைக்குது,” என்றார் விஞ்ஞானி, லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விஞ்ஞானி என்ற பட்டத்தைக் கொடுத்தவர் மனைவியின் அண்ணன். அது பாராட்டு இல்லை என்பது குடும்பத்தில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

பகலில் அவருக்குக் கூரியர் அலுவலகத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் சாப்பாட்டு மேசையில், தீப்பெட்டி அளவுள்ள மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினியோடு குடித்தனம். மேசையில் வயர்கள் குடியேறிய பிறகு, வீட்டில் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள்.

இதுவரை செய்த சாதனைகளும் லேசுப்பட்டவை அல்ல. செடிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் கருவி, செடியை அழுகவைத்ததோடு நிற்காமல் கீழ்வீட்டுக்காரரின் சட்டையையும் நனைத்தது. கிட்டே போனால் திறக்க வேண்டிய குப்பைத்தொட்டி, ஆள் போன பிறகு நிதானமாக வாயைப் பிளந்தது.

இப்போது நடையில் விளக்கு.

வாசல்வரை நீளும் அந்த நடைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே யாராவது அசைந்தால் சென்சார் கண்டுபிடித்து விளக்கைப் போடும். ஒரு நிமிடம் அசைவே இல்லை என்றால் அணைத்துவிடும். திட்டம் என்னவோ அதுதான். ஆனால் வீடு பூட்டிக் கிடந்தபோதும் விளக்கு விடாமல் எரிந்தது.

அந்த விளக்குக்கு அடியில்தான் மனைவி பெட்டியோடு நின்றிருந்தாள். அவள் நர்ஸ். அண்ணன் இருக்கும் ஊரில், பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. நாளைக் காலையில் சேர வேண்டும்.

கூட வருவாரா, மாட்டாரா என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த ஒரு வேலை முடியட்டும் என்று ஒரு மாதமாகப் பதில் வந்துகொண்டிருக்கிறது.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு. கூட வர்றீங்களா, இல்ல நான் மட்டும் போகட்டுமா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

கேள்வி அவர் காதில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது.

“ஒரே நிமிஷம். அங்கேயே அசையாம நில்லு. விளக்கு அணையுதான்னு பாத்துட்டுச் சொல்றேன்.”

அவருக்கும் போக ஆசைதான். ஆனால் குப்பைத்தொட்டி புகழோடு போய் மைத்துனர் முகத்தில் விழிக்க முடியுமா? உருப்படியாக ஒன்றைச் செய்துவிட்டுத்தான் போவது என்று வீம்பு.

நடைக்கு முதுகைக் காட்டியபடி, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஆள் உண்டு’ என்று வந்தது. அசைந்திருக்கிறாள்.

“அசையாதேன்னு சொன்னேன்ல,” என்றார், திரும்பாமல்.

பதில் இல்லை. ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறாள் என்று அவருக்குத் திருப்தியாக இருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு நிமிடம் ஆனது. திரையில் ‘ஆள் இல்லை’ என்று வந்தது. முதுகுக்குப் பின்னால் விளக்கு அணைந்தது.

அவர் செய்த கருவி ஒன்று, வாழ்க்கையில் முதல்முறையாக, அவர் நினைத்தபடி நடந்திருக்கிறது. கண் கலங்கிவிட்டது.

“வர்றேன். நானும் உன்கூட வர்றேன். இப்ப கையை ஆட்டு பாப்போம், விளக்கு எரியும்.”

எரியவில்லை.

வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். புரோகிராமை மேலிருந்து கீழ்வரை அலசினார். ஒரு தப்பும் தட்டுப்படவில்லை. சென்சார் விற்ற கடைக்காரரின் பரம்பரையையே வாய்க்குள் வாழ்த்திவிட்டு, இன்னும் நன்றாக ஆட்டச் சொன்னார். ‘ஆள் இல்லை’ என்று திரை சாதித்தது.

கடைசியில் அவரே எழுந்து போய், நடையில் நின்று கையை வீசினார்.

விளக்கு பளிச்சென்று எரிந்தது.

தள்ளி வைக்கச் சொன்ன பெட்டியைக் காணோம். அவள் செருப்பையும் காணோம். கதவு சாத்தியிருந்தது. தூங்கும் நோயாளிகள் விழித்துவிடாமல் கதவு சாத்திப் பழகிய கை. ஒரு சத்தமும் வந்திருக்கவில்லை.

கருவியில் கோளாறு எதுவும் இல்லை.

இப்போது ஓடினாலும் பஸ் கிளம்புவதற்குள் பிடித்துவிடலாம். அவளிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. அதை யோசித்துக்கொண்டே விளக்குக்கு அடியில் நின்றார், கொஞ்சம்கூட அசையாமல்.

ஒரு நிமிடம் ஆனதும் விளக்கு அணைந்தது.